பொய்யர் எழுதிய பதினொன்றாம் அத்தியாயம்

சங்கத் தலைவர் அந்தப் புத்தகத்தை என்னிடம் நீட்டியபோது அட்டையின் ஓரத்தை இரண்டு விரல்களால் மட்டும் பிடித்திருந்தார். முழுக் கையால் பிடித்தால் ஏதோ ஒட்டிக்கொள்ளும் என்பது போல.

“மாமி, நீங்க ஸ்கூல்ல ஹிஸ்டரி எடுத்தவா. இதுல எது தேறும், எது தேறாதுன்னு கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கோ. தேறினதை மட்டும் விழா மலர்ல போட்டுடலாம்” என்றார்.

தெற்குக் கொல்கத்தாவில் இருக்கும் எங்கள் தமிழ்ச் சங்கம் பெரிய ஆண்டுவிழா ஒன்றுக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. மலருக்குச் சங்கத்தின் வரலாறு வேண்டும். இந்த நகரத்துத் தமிழர்களைப் பற்றித் தமிழில் ஒழுங்காக எழுதப்பட்டது என்று எங்களிடம் இருந்தது அந்த ஒரு புத்தகம்தான். அதை எழுதியவரோ பெயர் கெட்டுப்போனவர்.

அவர் கல்லூரிப் பேராசிரியர், தமிழர், இங்கேயே வாழ்க்கையைக் கழித்தவர். புத்தகம் வந்தபோது நான் பவானிபூரில் ஒரு பெண்கள் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. தமிழ்க் குமாஸ்தாக்களின் நேர்மையைப் புகழ்ந்து ஒரு வெள்ளைக்கார அதிகாரி எழுதியதாக ஒரு கடிதத்தை முதல் அத்தியாயத்தில் முழுசாகப் போட்டிருந்தார். சங்க விழாக்களில் அதை எழுந்து நின்று வாசிப்பார்கள். பல வருஷம் கழித்து, ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ஒரு வங்காளிப் பெண் ஆவணக் காப்பகத்தில் அவர் குறிப்பிட்டிருந்த கோப்பை எடுத்துப் பார்த்தாள். உள்ளே சாக்கடை வெட்டுவது பற்றிய காகிதங்கள் இருந்தன. கடிதமும் இல்லை, அந்தப் பெயரில் ஓர் அதிகாரியும் இல்லை. அவள் அதைக் கட்டுரையாக எழுதினாள், செய்தித்தாளில் வந்தது. கல்லூரி அவருக்கு வைத்திருந்த பாராட்டு விழாவை ரத்து செய்தது. சங்கத்தின் சுவரில் மாட்டியிருந்த அவர் படம் ஒரே வாரத்தில் இறங்கியது.

எனக்கும் அவர்மேல் கோபம் இருந்தது. வகுப்பில் பெண்களிடம் “ஆதாரம் எங்கே?” என்று கேட்டே தொண்டை வற்றியவள் நான். அந்தக் கடிதத்தை நம்பி அவர்களுக்கு வாசித்தும் காட்டியிருக்கிறேன். அந்த வெட்கம் போகவில்லை.

ஆனால் கோபத்தோடு இன்னொரு கவலையும் இருந்தது. அந்தப் புத்தகத்தில் ஒரு பக்கம் என் அப்பாவைப் பற்றியது.

நான் பிறப்பதற்கு முன் ஒரு மழைக்காலத்தில் பவானிபூர்ச் சந்துகளில் மார்பளவு தண்ணீர் நின்றதாம். வங்கியில் புதிதாக வேலைக்கு வந்த இளைஞரான என் அப்பா, அரிசி மூட்டையைத் தலையில் சுமந்து, மூன்று நாள் வீடு வீடாகப் போய் அக்கம்பக்கத்து வங்காளிக் குடும்பங்களுக்குக் கொடுத்தாராம். வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா அந்தப் பக்கத்தைத் திறந்து மேஜைமேல் வைத்துவிட்டு, தற்செயலாக அங்கே கிடப்பதுபோல வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார். அம்மா மட்டும் உள்ளேயிருந்து, “ஒரு குடம் தண்ணி தூக்கினவர் இல்லை, மூட்டை தூக்கினாராம்” என்பாள். எல்லாரும் சிரிப்போம். அம்மா வேடிக்கையாகச் சொல்கிறாள் என்றுதான் நினைத்தோம்.

அந்தப் பக்கத்திலிருந்தே ஆரம்பித்தேன். சொந்த வீட்டு விஷயத்தைச் சரிபார்க்காமல் ஊர் விஷயத்தில் கை வைக்கக்கூடாது என்று தோன்றியது. அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. அம்மாவின் டிரங்குப் பெட்டியில் அப்பாவின் வேலைக் காகிதங்கள் இருந்தன. மாற்றல் உத்தரவு கிடைத்தது. அந்த வருஷம் கோடையில் அசன்சோல் கிளைக்குப் போனவர், துர்கா பூஜைக்குப் பிறகுதான் கொல்கத்தாவுக்குத் திரும்பியிருக்கிறார். மழைக்காலம் முழுக்க அவர் ஊரிலேயே இல்லை.

கட்டிலில் உட்கார்ந்து அந்தக் காகிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பேராசிரியர் பொய் எழுதினார், சரி. அப்பா அதை வாசித்தார், வந்தவர்களுக்கெல்லாம் காட்டினார், ஒருநாளும் “இது நான் இல்லை” என்று சொல்லவில்லை. யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் பெட்டியை வேகமாக மூடினேன். விரல் நசுங்கியதுதான் மிச்சம்.

பிறகு மற்ற அத்தியாயங்கள். இரண்டு மாதம் ஆனது. மெட்ரோவில் போய் நூலகத்தில் உட்கார்ந்து பழைய முகவரிப் புத்தகங்களைப் புரட்டினேன். சங்கத்தின் இரும்பு அலமாரியில் கேரம் பலகைக்கும் கொலு பொம்மைப் பெட்டிகளுக்கும் பின்னால் கிடந்த கூட்ட நடவடிக்கைப் புத்தகங்களை எடுத்துத் தூசி தட்டினேன். போகப் போக எனக்கு ஒன்று புரிந்தது. அவர் எங்கெல்லாம் நம்மைப் புகழ்ந்திருக்கிறாரோ அங்கெல்லாம் அடிக்குறிப்பு எங்கும் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை. எங்கெல்லாம் குறை சொல்லியிருக்கிறாரோ அங்கே அடிக்குறிப்பு சொன்ன இடத்தில் சொன்ன காகிதம் இருந்தது.

பதினொன்றாம் அத்தியாயம் நான்கே பக்கம். அதைச் சங்க விழாவில் யாரும் வாசித்து நான் கேட்டதில்லை.

ஒரு பொங்கல் விருந்தைப் பற்றியது அது. அப்போது நகரத்தில் ஒரு சிறிய தமிழ் அச்சகம் இருந்தது. அங்கே எழுத்துக் கோர்க்கும் வேலையில் இருந்தவர் வேலூர்ப் பக்கத்துக்காரர். சங்கத்தின் அழைப்பிதழை அவர்தான் கோர்த்தார். “தமிழர் அனைவரும் வருக” என்று அதில் இருந்தது. அவர் தன் சிறுமியான மகளை அழைத்துக்கொண்டு வந்தார். வாசலருகே முதல் வரிசையில் இலை போட்டு, பாயசம் பரிமாறிய பிறகு யாரோ அவருடைய ஜாதியை விசாரித்தார்கள். பதில் கேட்டதும் இரண்டு பேரையும் இலையிலிருந்து எழுப்பி வெளியே அனுப்பினார்கள். எழுந்தவர் கூடத்தின் நடுவே நின்று, தமிழ் எல்லாருக்கும் பொது என்று ஒரு நீண்ட உரை ஆற்றினார் என்று அத்தியாயம் முடிந்தது.

அடிக்குறிப்பு இரண்டு. ஒன்று, சங்க நடவடிக்கைப் புத்தகம். இன்னொன்று, காளிகாட்டில் வசிக்கும் அந்த மகளிடம் நேரில் கேட்டது.

நடவடிக்கைப் புத்தகத்தில் அந்த வருஷத்துத் தை மாதக் கூட்டம் இருந்தது. அழகான கையெழுத்து. “சென்ற விருந்தில் நேர்ந்த சங்கடம் மீண்டும் நேராதிருக்கும் பொருட்டு, இனி விருந்துக்கு வருவோரின் விவரத்தை நிர்வாகக் குழு முன்னதாகவே பார்த்து அனுமதி வழங்கும்.” கீழே ஐந்து கையெழுத்துகள். நான்காவது கையெழுத்தைப் படிக்க எனக்குக் கண்ணாடி தேவைப்படவில்லை. பள்ளிக்கூட முன்னேற்ற அட்டையில் மாதாமாதம் பார்த்த கையெழுத்து அது. அப்பாவுக்கு அப்போது இருபத்தைந்து வயதுகூட இருந்திருக்காது.

மூட்டை தூக்காதவர் பேனா தூக்கியிருக்கிறார்.

காளிகாட்டில் கோயிலுக்குப் பின்னால் இருக்கும் சந்துகளில் அந்த மகளைத் தேடி மூன்று நாள் அலைந்தேன். சங்கு வளையல் விற்கும் கடையில் ஒருவர், “அந்த மத்ராசி மாஷிமாவா?” என்று, சொந்தச் சித்தியைச் சொல்வதுபோலக் கேட்டு மாடிப்படியைக் காட்டினார். எழுபதைத் தாண்டியவர், மெலிந்த உடம்பு, வங்காளி வீட்டில் வாழ்க்கைப்பட்டவர். கணவர் இல்லை. நான் தமிழில் பேச ஆரம்பித்ததும் முகம் ஒரு நிமிஷம் விழித்துக்கொண்டது.

“போஷுன், போஷுன், உக்காருங்க. தமிழ் பேசி எத்தினி நாளாச்சு. தப்பு வந்தா சிரிக்காதீங்க.”

வந்த விஷயத்தைச் சொன்னேன். அவர் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“எனக்கு ஆறு வயசு. புதுப் பாவாடை. பாயேஷ் இலையில ஓடிச்சு, நான் விரலால அணை கட்டினேன். அப்போ ஒருத்தர் வந்து எங்கப்பா காதுல ஏதோ கேட்டாரு. அப்பா சொன்னாரு. அவர் போயி இன்னும் ரெண்டு பேரோட வந்தாரு. ‘எழுந்திருங்க’ன்னாங்க.”

“உங்கப்பா என்ன பேசினார்?”

“ஒண்ணும் பேசல. இலையை மடிச்சாரு. என் இலையையும் மடிச்சாரு. என் கையைப் பிடிச்சுகிட்டு வந்துட்டாரு. டிராமுல ஏறல, நடந்தே வந்தோம். வழியில நான் பாயேஷ் கேட்டு அழுதேன். அதுக்கு ஒரு அடி வச்சாரு. எங்கப்பா என்னை அடிச்சது அந்த ஒரு தடவதான்.”

“புத்தகத்தில் அவர் கூடத்தில் பேசினதா எழுதியிருக்கே.”

“அந்தப் பேராசிரியரா? ரெண்டு நாள் வந்தாரு. இதே தரையில உக்காந்து எல்லாம் எழுதிகிட்டாரு. புத்தகம் கொண்டாந்து குடுத்தாரு. எனக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. அவர் என்ன எழுதினாரோ.”

நான் நடவடிக்கைப் புத்தகத்தில் படித்ததைச் சொன்னேன். அது கிடைத்ததால் இப்போது நீங்கள் சொல்வது நடந்தது என்று உறுதியாகிவிட்டது என்றும் சொன்னேன். நல்ல செய்தி சொல்கிறோம் என்றுதான் நினைத்தேன். அவர் முகம் மாறியது.

“நோட்டுல இருந்தாதான் நம்புவீங்களா? நான் சொன்னா போதாதா? எழுப்பினவங்க எழுதி வச்சது சாட்சி. எழுந்தவ சொல்றது சாட்சி இல்லையா?”

ஆதாரம் வேண்டும் என்பதுதான் என் வாழ்நாள் பாடம். அது அந்த அறையில் எவ்வளவு அவமரியாதையாகக் கேட்டது என்பது உறைத்தது. கிளம்பும் முன் அந்தத் தீர்மானத்தில் என் அப்பாவின் கையெழுத்தும் இருக்கிறது என்று சொன்னேன். சொல்லாமல் வந்தால் நானும் அந்தப் பேராசிரியரும் ஒன்று. அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார், தலையை மட்டும் ஆட்டினார். வாசல் வரை வந்து வழியனுப்பவில்லை. அதில் எனக்குக் குறையும் இல்லை.

அடுத்த வாரம் கரியாஹாட் சந்தைக்குப் பக்கத்தில், நான்காவது மாடியில் இருந்த அந்தப் பேராசிரியரைப் பார்க்கப் போனேன். எண்பத்தைந்து வயது. கதவைத் திறந்தவர் என்னைத் தெரிந்துகொண்டு, “யார் பொண்ணுன்னு தெரியுது. உள்ள வாங்கம்மா” என்றார். கீழே தெருக்கடைக்காரர்கள் புடவை விலை கூவும் சத்தம் ஜன்னல் வழியாக வந்துகொண்டே இருந்தது.

சுற்றிவளைக்காமல் கேட்டேன். “சார், எங்கப்பா அந்த மழைக்காலத்தில் அசன்சோலில் இருந்தார். அரிசி மூட்டைக் கதை எங்கிருந்து வந்தது?”

அவர் கொஞ்சமும் அசரவில்லை. “நான்தான் எழுதினேன்.”

“எதுக்கு?”

“அந்தத் தீர்மானத்துல கையெழுத்துப் போட்ட அஞ்சு பேர்ல மூணு பேர் நான் எழுதறப்ப சங்கத்துல பெரிய ஆளுங்க. புத்தகத்தை வெளியிடறது சங்கம். பதினொண்ணாம் அத்தியாயத்தை எடுத்தாத்தான் போடுவோம்னாங்க. நான் ஆளுக்கொரு நல்ல பக்கம் எழுதிக் கொடுத்தேன். முதல் அத்தியாயத்துல அந்தக் கடிதத்தையும் வச்சேன். அப்புறம் அவங்க வாயைத் திறக்கல.”

“அப்போ அச்சகத்துக்காரர் பேசினது? அதை யார் கேட்டா? அவர் ஒரு வார்த்தை பேசாம இலையை மடிச்சுட்டுப் போனார்னு அவரோட பொண்ணு உங்ககிட்டயும் சொல்லியிருக்காளே!”

“பேசாம போயிட்டார்னு எழுதினா படிக்கறவங்களுக்கு என்னம்மா இருக்கு?”

“அவர் பேசாம போனதுதான் சார் எல்லாமே! அவர்கிட்டேர்ந்து சாப்பாட்டை அவா பிடுங்கினா, மௌனத்தை நீங்க பிடுங்கிட்டேள். உங்க ஒரு கடிதத்தால இப்போ அந்த அத்தியாயத்தையே யாரும் நம்ப மாட்டேங்கறா. உண்மையைக் காப்பாத்தப் பொய் சொன்னேன்னு பெருமையா சொல்றேள். காப்பாத்தினேளா?”

“நான் போனப்புறம் சொல்லுங்க” என்றார் அவர்.

“இருக்கும்போதே சொல்லப்போறேன்” என்று எழுந்துவிட்டேன்.

படியிறங்கும்போதுதான் இன்னொன்று உறைத்தது. அவர் சொன்ன இந்தக் காரணமும் கதையாக இருக்கலாம். தன் பொய்களுக்குத் தியாகி வேஷம் போட்டுக்கொள்ள அவருக்கு ஐந்து நிமிஷம் போதும். இதைச் சரிபார்க்க எந்த அலமாரியிலும் காகிதம் இல்லை. அதனால் என் அறிக்கையில் அதை “அவர் இப்படிச் சொல்கிறார்” என்று மட்டும் எழுதினேன்.

அறிக்கை பதினான்கு பக்கம். வெள்ளைக்கார அதிகாரியின் கடிதம் பொய். அப்பாவின் அரிசி மூட்டை பொய். விருந்துக் கூடத்தில் நிகழ்ந்ததாகச் சொன்ன உரை பொய். அச்சகத்துக்காரரையும் அவர் மகளையும் இலையிலிருந்து எழுப்பியது உண்மை. ஒவ்வொன்றுக்கும் ஏன் அப்படிச் சொல்கிறேன் என்று எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை நிர்வாகக் குழு கூடியது. எல்லாருக்கும் காபி வந்தது. தலைவர் அறிக்கையைப் புரட்டிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“மாமி, நன்னா உழைச்சிருக்கேள். ஆனா பதினொண்ணாம் அத்தியாயம் வேண்டாம். அந்த மனுஷன் பொய்யன்னு ஊருக்கே தெரியும். பொய்யன் எழுதினதை நாம எப்படிப் போடறது?”

“அவர் எழுதினதால போட வேண்டாம். நம்ம நோட்டுல இருக்கு, அந்த அம்மா உயிரோட இருந்து சொல்றா. அதுக்காகப் போடுங்கோ.”

“நோட்டுல சங்கடம்னுதானே இருக்கு? சங்கடம்னா என்ன வேணா இருக்கலாம். சாம்பார் ஊசிப்போயிருக்கலாம்.”

இரண்டு பேர் சிரித்தார்கள். நான் கேட்டேன், “சாம்பார் ஊசிப்போனா சமையல்காரரை மாத்துவேளா, சாப்பிட வரவா விவரத்தைக் கேப்பேளா?”

சிரிப்பு நின்றது. தலைவர் குரலைத் தாழ்த்தினார். “சரி, அதை விடுங்கோ. மழைவெள்ளப் பக்கத்தைப் போடலாம். அது ரொம்ப நன்னா இருக்கு. உங்கப்பா பெருமைதானே?”

“அது பொய்னு மூணாவது பக்கத்துல எழுதியிருக்கேன். மாற்றல் உத்தரவு நகல் வச்சிருக்கேன்.”

“யாருக்குத் தெரியப்போறது?”

“எனக்குத் தெரியும்.”

“பெத்த அப்பாவைப் பத்தி நல்லதா நாலு வரி வந்தா வேண்டாங்கறது, கெட்டதைத் தேடிண்டு போய்ப் போடச் சொல்றது... இதுல என்ன சந்தோஷம் மாமி?”

அந்தக் கேள்வி எனக்கு இன்றும் எரிகிறது. எனக்கு அதில் சந்தோஷம் இருக்கிறது என்று அவர் உண்மையாகவே நினைத்தார். என் அப்பா எனக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். நான் வேலைக்குப் போகவேண்டும் என்று வீட்டில் எல்லாரோடும் சண்டை போட்டவர். அவர் கையெழுத்தை அந்தப் பக்கத்தில் பார்த்த நாளிலிருந்து எனக்குச் சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை. இதையெல்லாம் அந்தக் காபி டம்ளர்களுக்கு நடுவே சொல்ல எனக்கு விருப்பமில்லை.

“விழா மலர்ல சர்ச்சை வேண்டாம்” என்று ஒருவர் சொன்னார். எல்லாரும் கை தூக்கினார்கள். முடிந்தது.

மலர் வந்தது. வழவழ காகிதம். பதினொன்றாம் அத்தியாயம் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அப்பாவின் மழைவெள்ளப் பக்கம் இருந்தது, வண்ணத்தில் வரைந்த படத்தோடு. தலையில் மூட்டை, மார்பளவு தண்ணீர், முகத்தில் மீசை. என் அப்பா வாழ்நாளில் மீசை வைத்ததில்லை. எழுதியவரின் பெயரை மட்டும் எடுத்துவிட்டிருந்தார்கள். பொய்யர் என்று துரத்தியவரின் பொய்யை வைத்துக்கொண்டு, அவர் சொன்ன உண்மையை அவரோடு சேர்த்துத் துரத்தியிருந்தார்கள். இதற்கு இரண்டு மாத வேலை எதற்கு, என் கண்ணாடியின் பவர் ஏறியது எதற்கு?

பவானிபூரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் என் அறிக்கையை நூறு பிரதி எடுத்தேன். மேலே என் பெயரை எழுதினேன். நடவடிக்கைப் புத்தகத்தின் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து, நாலாவது கையெழுத்து என் அப்பாவுடையது என்று குறித்துப் பின்னால் இணைத்தேன். விழாவன்று கூடத்தின் வாசலில் நின்று, வந்தவர்கள் கையில் கொடுத்தேன். சிலர் கோயில் பிரசாதம் என்று நினைத்து இரண்டு கையாலும் வாங்கினார்கள். சிலர் படித்துவிட்டு நாற்காலியிலேயே விட்டுப் போனார்கள். சென்னையிலிருந்து வேலைக்கு வந்திருந்த ஒரு பெண் மட்டும் திரும்பி வந்து, “மேடம், இன்னும் ரெண்டு காப்பி கிடைக்குமா? ரூம்மேட்ஸுக்கு” என்று வாங்கிப்போனாள். அன்று மாலையே சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னை நீக்கினார்கள்.

மிச்சமிருந்த பிரதிகளைப் பையில் போட்டுக்கொண்டு காளிகாட்டுக்குப் போனேன். அவரால் தமிழ் படிக்க முடியாது என்பதால் நானே வாசித்தேன். இந்த முறை ஜன்னல் திறந்தே இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தவர் ஓரிடத்தில் கை காட்டி நிறுத்தினார்.

“என்ன படிச்சீங்க? கடைசி வரிசையா?”

“ஆமாம். பழைய ஃபோட்டோ ஒண்ணுல கூடத்தைப் பார்த்தேன். வாசல் பக்கத்துல இலை போட இடமே இல்லை. புத்தகத்துல முதல் வரிசைன்னு தப்பா இருந்தது, அதான் திருத்தினேன்.”

“முதல் வரிசைதான். வாசல் பக்கம். அன்னிக்கு வாசல்லயும் இலை போட்டாங்க. எங்களை எழுப்புறதை உள்ள இருந்த எல்லாரும் பாத்தாங்க. கடைசி வரிசைன்னு எழுதினா யாரும் பாக்கலன்னு ஆயிடும். பேராசிரியர் சரியாத்தான் எழுதியிருக்காரு. நீங்கதான் தப்பு.”

நான் பையிலிருந்து பேனாவை எடுத்தேன். மீதியிருந்த பிரதிகள் முப்பத்தெட்டு. அவர் வீட்டுத் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றிலும் அந்தச் சொல்லை அடித்து மேலே ‘முதல் வரிசை’ என்று எழுதினேன். எழுதி முடித்த ஒவ்வொன்றையும் அவர் வாங்கி, மை காய்ந்துவிட்டதா என்று விரலால் தொட்டுப் பார்த்து, பக்கத்தில் அடுக்கி வைத்தார்.